பிள்ளைகள் வெறுங்காலில் விளையாடலாமா?

இடுக்கி மாவட்டம், உடும்பஞ்சோலைப் பக்கம். அங்கே ஓர் ஏலத்தோட்டம். தோட்டத்தை ஒட்டி ஒரு லயம். இரண்டு நாளாக மழை ஓய்ந்திருந்தது. லயத்து வாசலில் வெயில் எட்டிப் பார்த்தது. ஏழு வயதுப் பையன் ஒருவன் வெளியே ஓடக் கிளம்பினான்.

"டேய், செருப்பை மாட்டிக்கிட்டுப் போடா" என்றாள் தாய்.

"செருப்புப் போட்டா வழுக்குதும்மா. ஓட முடியல."

அடுப்படியில் இருந்த பாட்டி தலையை நீட்டினாள். "விடு புள்ள. நாங்கல்லாம் செருப்புப் போட்டுக்கிட்டா வளந்தோம்? மண்ணுல மிதிச்சாத்தான் காலு உறுதியாகும்."

"இல்லத்தை. போன மாசம் ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க? இவனுக்கு ரத்தம் கம்மியா இருக்கு, வயித்துல புழு இருக்கலாம்னு சொன்னாங்கல்ல?"

பையன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பேச்சு முடிவதற்குள் ஓடிவிட்டான். வெறுங்காலோடுதான்.

இந்தப் பேச்சு அந்த ஒரு வீட்டில் மட்டும் நடப்பதில்லை. பூப்பாறை, சாந்தம்பாறை, நெடுங்கண்டம், வண்டன்மேடு என்று எல்லையோரத் தோட்டங்கள் எல்லாவற்றிலும் நடக்கிறது. பாலக்காட்டுப் பக்கம் நெல்லியாம்பதியில், முதலமடையில், கொழிஞ்சாம்பாறையில், வேலந்தாவளத்திலும் நடக்கிறது. தாய் சொல்வது சரியா? பாட்டி சொல்வது சரியா?

பாட்டி சொல்வதில் உண்மை இருக்கிறது

முதலில் பாட்டியின் பக்கத்தைப் பார்ப்போம்.

குழந்தையின் கால் பிறக்கும்போது தட்டையாகத்தான் இருக்கும். ஓடி ஆடி வளரும்போது உள்ளங்காலின் நடுப்பகுதி மேலே வளைந்து எழும்பும். ஈரக் காலோடு சிமெண்டுத் தரையில் நடந்தால் தடம் பதியும் அல்லவா? அதில் நடுவில் ஒரு பக்கம் பதியாமல் இருக்கும். அதுதான் அந்த வளைவு. வளைவு இல்லாமல் பாதம் முழுதும் பதிந்தால் அது தட்டைப் பாதம்.

ராவ், ஜோசப் என்ற இரண்டு இந்திய மருத்துவர்கள் இதை ஆராய்ந்தார்கள். 4 வயது முதல் 13 வயது வரை உள்ள 2300 பிள்ளைகளின் கால் தடங்களை எடுத்துப் பார்த்தார்கள். முடிவை 1992இல் வெளியிட்டார்கள். செருப்போ ஷூவோ போட்டு வளர்ந்த பிள்ளைகளில் 100 பேருக்கு எட்டு, ஒன்பது பேருக்குத் தட்டைப் பாதம் இருந்தது. வெறுங்காலில் வளர்ந்த பிள்ளைகளில் 100 பேருக்கு மூன்று பேருக்குத்தான் இருந்தது. விரல்களை மூடும் ஷூ போட்டவர்களிடம் அது அதிகம். திறந்த செருப்புப் போட்டவர்களிடம் குறைவு.

ஆக, மண்ணில் மிதித்தால் கால் உறுதியாகும் என்ற பேச்சு வெறும் பழங்கதை இல்லை. வெறுங்காலுக்கு மேடு பள்ளம் தெரியும். விரல்கள் விரிந்து தரையைப் பற்றும். மழை நனைந்த சரிவில் வார் தளர்ந்த ரப்பர் செருப்பு வழுக்குகிறது என்று அந்தப் பையன் சொன்னதும் பொய் இல்லை. பிள்ளையை வீட்டுக்குள் பூட்டி வைப்பது எதற்கும் மருந்து ஆகாது.

ஆனால் பாட்டி சொன்ன ஒரு சொல்லை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். "நாங்கல்லாம் செருப்புப் போட்டுக்கிட்டா வளந்தோம்?" என்றாள். அந்தக் காலத்தில் எல்லாரும் ஆசைப்பட்டா வெறுங்காலில் நடந்தார்கள்? பலருக்குச் செருப்பு வாங்கக் காசு இல்லை. பல ஊர்களில் காசு இருந்தாலும் போட விடவில்லை. மேல்சாதிக்காரர் தெருவில் நடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று கட்டுப்பாடு இருந்தது. அந்த வெறுங்கால் அவர்கள் விருப்பம் இல்லை. அவர்கள் மேல் சுமத்தியது. அப்படி நடந்தவர்களின் உடம்பு எப்படி இருந்தது என்பதையும் கேட்டுத்தானே ஆக வேண்டும்?

மண்ணில் காத்திருக்கும் புழு

இனி தாயின் பயம். அது கொக்கிப்புழு பற்றிய பயம்.

கொக்கிப்புழு சிறியது. நீளம் ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும். தையல் நூல் துண்டு போல் இருக்கும். தலைப்பக்கம் கொக்கி போல் வளைந்திருக்கும். வாயில் பல் போன்ற கூரான தகடுகள் உண்டு. மனிதனின் சிறுகுடலைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடித்து வாழும்.

ஒரு பெண் புழு ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முட்டைகள் இடும். முட்டைகள் மலத்தோடு வெளியே வரும். அந்த மலம் கக்கூசுக்குள் போனால் கதை அங்கேயே முடிந்துவிடும். வெளியே, மண்ணில் விழுந்தால்தான் அடுத்த கதை தொடங்கும்.

நிழல் வேண்டும். ஈரம் வேண்டும். மிதமான சூடு வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் முட்டை ஒன்றிரண்டு நாளில் பொரியும். ஐந்து முதல் பத்து நாளில் அதிலிருந்து வந்த குஞ்சுப் புழு தோலைத் துளைக்கும் பருவத்தை அடையும். அது அரை மில்லிமீட்டர்தான். கண்ணுக்குத் தெரியாது. இலைச் சருகின் அடியில், மண்ணின் மேல்புறத்தில் மூன்று, நான்கு வாரம்கூட உயிரோடு காத்திருக்கும். ஒரு வெறுங்கால் அங்கே படும். விரல் இடுக்கின் மெல்லிய தோலைத் துளைத்து உள்ளே போகும்.

அந்த இடத்தில் அரிக்கும். சிவப்பாகத் தடிக்கும். "சேத்துப்புண்ணு" என்று சொல்லி மஞ்சள் வைத்துவிடுவார்கள். சேற்றுப்புண் எல்லாமே புழுவால் வருவதில்லை. படைப்பூசணத்தாலும் வரும். ஆனால் புழு நுழைந்த அரிப்பும் சேற்றுப்புண் போலத்தான் தெரியும்.

உள்ளே போன புழு எங்கே போகிறது? காலிலிருந்து வயிற்றுக்கு நேர்வழி கிடையாது. அது இரத்தத்தில் கலந்து நுரையீரலுக்குப் போகிறது. அங்கிருந்து தொண்டைக்கு ஏறுகிறது. எச்சிலோடு விழுங்கும்போது வயிற்றுக்குள் இறங்குகிறது. கடைசியில் சிறுகுடலில் போய்க் கவ்விக்கொள்கிறது. கால் வழியாக நுழைந்து முட்டையிடும் வரை ஏறத்தாழ ஆறு, ஏழு வாரம் ஆகும். காலில் அரித்தது அதற்குள் மறந்தே போயிருக்கும்.

இப்படி ஒரு வழி இருக்கிறது என்று கண்டுபிடித்தது ஒரு விபத்தால்தான். இத்தாலி நாட்டு மருத்துவர் டுபினி 1838இல் இந்தப் புழுவை மிலான் நகரில் கண்டார். அது எப்படி உடம்புக்குள் போகிறது என்று பல காலம் யாருக்கும் தெரியவில்லை. வாய் வழியாகத்தான் என்று நினைத்தார்கள். எகிப்தின் கெய்ரோ நகரில் ஆர்தர் லூஸ் என்ற அறிஞர் வேலை செய்துகொண்டிருந்தார். 1898இல் குஞ்சுப் புழுக்கள் இருந்த தண்ணீர் தவறிப்போய் அவர் கையில் சிந்தியது. கை சிவந்தது, அரித்தது. சில வாரங்கள் கழித்து அவர் மலத்திலேயே புழு முட்டைகள் இருந்தன!

1902இல் அதை இந்தியாவின் தேயிலைத் தோட்டத்தில் சரிபார்த்தார்கள். அசாமில் பென்ட்லி என்ற மருத்துவர் தொழிலாளர்களின் காலைப் பார்த்தார். மழைக்காலத்தில் அவர்கள் காலில் வரும் புண்ணுக்கு அங்கே 'பானி காவ்' என்று பெயர். தண்ணீர்ப் புண் என்று பொருள். அந்தப் புண்ணுக்கும் மண்ணில் இருக்கும் கொக்கிப்புழுவுக்கும் தொடர்பு உண்டு என்று அவர் காட்டினார். அங்கேயும் தேயிலைத் தோட்டம், மழை, வெறுங்கால். மூணாற்றுத் தொழிலாளிக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஒரு டீ கிளாஸ் இரத்தம்

ஒரு புழு குடிக்கும் இரத்தம் மிகக் கொஞ்சம். தென்னிந்தியாவில் அதிகம் காணும் வகைப் புழு ஒரு நாளில் 0.03 மில்லிலிட்டர் இரத்தம் குடிக்கும். ஒரு துளி என்று வைத்துக்கொள்ளலாம். இன்னொரு வகை இருக்கிறது. அது இதைப்போல் ஐந்து மடங்கு குடிக்கும்.

துளிதானே என்று விட முடியாது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பிள்ளையின் வயிற்றில் 100 புழுக்கள் இருக்கின்றன. ஒரு நாளைக்கு 3 மில்லிலிட்டர் போகும். ஒரு மாதத்துக்கு 90 மில்லிலிட்டர். டீக்கடைக் கிளாசில் ஏறத்தாழ ஒரு கிளாஸ். இருபது கிலோ எடையுள்ள பிள்ளையின் உடம்பில் இருக்கும் மொத்த இரத்தமே ஒன்றரை லிட்டர்தான். உடம்பு புது இரத்தம் ஊறவைக்கும். ஆனால் அதற்கு இரும்புச்சத்து வேண்டும். கஞ்சியும் கட்டன் சாயாவும் குடித்து வளரும் பிள்ளைக்கு அவ்வளவு இரும்புச்சத்து எங்கிருந்து வரும்?

ஐந்தாறு புழு இருந்தால் ஒன்றுமே தெரியாது. நிறைய இருந்தால் மெல்ல மெல்லத் தெரியும். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளுத்திருக்கும். நாக்கும் நகமும் வெளுக்கும். ஏற்றம் ஏறினால் மூச்சு வாங்கும். சில பிள்ளைகள் மண்ணைத் தின்னும், சிலேட்டுக் குச்சியைக் கடிக்கும். பள்ளிக்கூடத்தில் தூங்கி வழியும். "மந்தம்", "சோம்பேறி" என்று பெயர் வாங்கும். பாவம், அந்தப் பிள்ளை சோம்பேறி இல்லை. அதன் உடம்பில் இரத்தம் இல்லை.

அமெரிக்காவின் தென்பகுதியிலும் இதே கதை நடந்தது. அங்கே ஏழை விவசாயிகளைச் சோம்பேறிகள் என்று பேசிவந்தார்கள். 1909இல் ராக்பெல்லர் என்ற பணக்காரர் பத்து லட்சம் டாலர் கொடுத்தார். மருத்துவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். 100 பேருக்கு 40 பேர் வயிற்றில் கொக்கிப்புழு இருந்தது. செருப்பில்லாத கால், கக்கூசு இல்லாத வீடு. அவ்வளவுதான் காரணம்.

இரத்தம் குறைந்தால் எல்லாமே புழு என்று முடிவு கட்டவும் கூடாது. சாப்பாட்டில் சத்துக் குறைந்தாலும் இரத்தம் குறையும். பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடியில் பழங்குடி மக்கள் சிலருக்கு அரிவாள் அணு நோய் இருக்கிறது. அது பிறப்பிலேயே வருவது. புழு மாத்திரையால் அது தீராது. அதனால் முகம் வெளுத்த பிள்ளையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போக வேண்டும். கேரளத்தில் இப்போது பல ஊர்களில் அதற்குக் குடும்ப ஆரோக்கிய கேந்திரம் என்று பெயர். இரத்தம் பார்த்துச் சொல்வார்கள்.

இலங்கைத் தோட்டங்களில் நடந்தது

மருந்து கொடுத்தால் புழு போய்விடுமே, பிறகு எதற்குச் செருப்பு, எதற்குக் கக்கூசு? இந்தக் கேள்விக்கு 100 ஆண்டுக்கு முன்பே பதில் கிடைத்துவிட்டது. பதில் கொடுத்தவர்கள் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து கங்காணிகளோடு கடல் கடந்து போன தோட்டத் தொழிலாளர்கள்.

1916இல் இலங்கையில், மாத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், கொக்கிப்புழு ஒழிப்பு வேலை தொடங்கியது. அமெரிக்க ராக்பெல்லர் நிறுவனம் அதை நடத்தியது. அப்போது கொடுத்த மருந்துகளில் ஒன்று தைமால். ஓமத்தில் இருக்கும் சத்துதான் அது. ஆனால் மருந்தாகக் கொடுக்கும் அளவு அதிகம். தலை சுற்றும், வயிறு எரியும். பேதி உப்பும் சேர்த்துக் கொடுப்பார்கள். ஒரு நாள் வேலையும் போகும். இவ்வளவும் பொறுத்துக்கொண்டு தொழிலாளர்கள் மருந்து சாப்பிட்டார்கள். புழு விழுந்தது.

சில மாதம் கழித்துப் பார்த்தால் மறுபடியும் புழு!

ஏன்? லயங்களுக்குப் போதுமான கக்கூசு இல்லை. தேயிலைச் செடிகளின் நடுவில்தான் ஒதுங்கினார்கள். அதே ஈர மண்ணில்தான் மறுநாள் வெறுங்காலில் கொழுந்து எடுத்தார்கள். மருந்து வயிற்றைத்தான் சுத்தம் செய்தது. மண்ணைச் சுத்தம் செய்யவில்லை. மருந்து கொடுப்பது தோட்ட முதலாளிகளுக்கு எளிது. ஆளுக்குக் கொஞ்சம் செலவு. கக்கூசு கட்டுவது பெரிய செலவு. அதனால் மருந்து வேகமாகப் போனது, கக்கூசு மெதுவாகத்தான் வந்தது.

இந்தியாவிலும் தோட்டங்களில் கக்கூசு வேண்டும், குடிநீர் வேண்டும், குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1951இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. சட்டம் இருந்தும் பல இடங்களில் கேட்டுப் போராடித்தான் அவை கிடைத்தன. லயத்துக் கக்கூசு இடிந்து கிடந்தால் அது அழகுக் குறை மட்டும் இல்லை. அங்கே விளையாடும் பிள்ளைகளின் இரத்தக் கணக்கு அது.

எந்த மண்? எந்த நேரம்?

அப்படியானால் பிள்ளை வெறுங்காலில் விளையாடலாமா, கூடாதா? அதற்கு ஒரே பதில் இல்லை. எந்த மண்ணில் என்று கேட்க வேண்டும்.

பாலக்காட்டின் கிழக்கு ஓரம், சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் காய்ந்த பூமி. கரிசல் மண் உண்டு. கோடையில் நல்ல வெயில் அடிக்கும். வெயில் காய்ந்த மண்ணில் கொக்கிப்புழுக் குஞ்சு தாங்காது, செத்துவிடும். அங்கே காலையிலும் மாலையிலும் கூட்டிப் பெருக்கிய வாசலில், காய்ந்த திடலில் பிள்ளைகள் வெறுங்காலில் ஓடினால் புழுப் பயம் குறைவு. அங்கே வேறு பயம் உண்டு. நடுப்பகலில் தரை காலைச் சுட்டுவிடும். கருவேல முள், ஆணி, பாட்டில் துண்டு இருக்கும். அதே ஊரில் தென்னந்தோப்பு வாய்க்கால் ஓரம், வயல் வரப்பு, குழாயடிச் சேறு இருக்கின்றன. அங்கே நிழலும் ஈரமும் உண்டு. ஒரே ஊரில் வாசல் ஒரு மாதிரி, தோப்பு ஒரு மாதிரி. இடுக்கியில் மறையூரும் மழை குறைந்த இடம்தான்.

ஏலக்காடு அப்படி இல்லை. மேலே பெரிய மரங்களின் நிழல். கீழே ஏலச்செடியின் நிழல். அதற்கும் கீழே மக்கிய சருகு. ஆண்டில் பல மாதம் ஈரம். கொக்கிப்புழுவுக்கு யாரோ பார்த்துப் பார்த்து வீடு கட்டிக் கொடுத்தது போல் இருக்கும். மூணாற்றின் உச்சித் தோட்டங்களில் குளிர் அதிகம். குளிரில் புழுக் குஞ்சு சரியாக வளராது. கீழே உள்ள ஏலக்காடுகளில் அந்தக் குளிர் இல்லை.

ஆகவே மனிதர் ஒதுங்கும் இடம், ஓடைக்கரை, வாழை மூடு, ஏலச்செடி அடி. இங்கே எல்லாம் செருப்பு இல்லாமல் பிள்ளை போகக் கூடாது. ஏலக்காட்டில் இன்னொரு காரணமும் இருக்கிறது. அங்கே பூச்சிமருந்து அதிகம் அடிக்கிறார்கள். மருந்து அடித்த காட்டுக்குள் பிள்ளைகளைச் செருப்போடும் விடக் கூடாது. சருகுக்குள் குழிவிரியன் படுத்திருக்கும். அது தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அட்டை கடித்தால் புழு வரும் என்று சிலர் சொல்கிறார்கள். வராது. அட்டை இரத்தம் குடித்துவிட்டு விழுந்துவிடும். பார்க்கப் பயமாக இருக்கும், அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியும் அட்டைக்குப் பயப்படுகிறோம், தெரியாத புழுவை விட்டுவிடுகிறோம்.

சேற்றுத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் உண்டு. எலியின் மூத்திரம் கலந்த தண்ணீரில் புண்ணுள்ள கால் பட்டால் அந்தக் கிருமி ஏறும். காலில் புண் இருக்கும் பிள்ளை வயல் தண்ணீரிலும் மழைத் தேக்கத்திலும் இறங்கக் கூடாது. ஆணி குத்தினால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். சாணியோ காப்பித்தூளோ வைக்கக் கூடாது. ரணஜன்னித் தடுப்பூசி சரியாகப் போட்டிருக்கிறதா என்று அட்டையை எடுத்துக்கொண்டு போய்க் கேட்க வேண்டும். குழந்தைப் பருவத்து ஊசிகளோடு அது முடிவதில்லை. 10 வயதிலும் 16 வயதிலும் மறுபடி உண்டு.

செருப்பு வாங்கும்போது பின்பக்கம் வார் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் சரிவில் கழலாது. கால் வளர்கிறது, இரண்டு வருடத்துக்கு வரட்டும் என்று பெரிதாக வாங்கினால் அது வாசலிலேயே கிடக்கும். பிள்ளை வெறுங்காலில்தான் ஓடும். செருப்பும் முழுக் காவல் இல்லை. சேற்றில் கையை விட்டு அளைந்தாலும், ஈர மண்ணில் உட்கார்ந்தாலும் புழு ஏறும்.

மாத்திரை நாள்

புழு மாத்திரைக்குப் பெயர் அல்பெண்டசோல். 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் என்று ஒன்று நடக்கிறது. பள்ளிக்கூடத்திலும் அங்கன்வாடியிலும் 1 வயது முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கிறார்கள். 2 வயதுக்குக் கீழே பாதி மாத்திரை. அதற்கு மேலே ஒரு முழு மாத்திரை. சின்னப் பிள்ளைகளுக்குப் பொடித்துத் தண்ணீரில் கொடுப்பார்கள். மற்றவர்கள் மென்று தின்ன வேண்டும். அன்றைக்குக் காய்ச்சல் இருந்தால் கொடுக்க மாட்டார்கள். குணமான பிறகு வாங்கிக்கொள்ளலாம். இது கொக்கிப்புழுவுக்கும் உருண்டைப் புழுவுக்கும் சேர்த்துத்தான். உருண்டைப் புழு காலால் வருவதில்லை, கழுவாத கையால் வருகிறது.

எல்லையோரக் குடும்பங்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. கம்பம், போடி, தேவாரம் பக்கத்திலிருந்து காய் எடுக்கும் காலத்தில் மலைக்கு வருகிறார்கள். பிள்ளையையும் சில நாள் கூட்டி வருகிறார்கள். தமிழ்நாட்டுப் பள்ளியில் மாத்திரை கொடுத்த அன்று பிள்ளை மலையில் இருக்கும். கேரளத்தில் கொடுக்கும் நாளில் ஊருக்குப் போயிருக்கும். இரண்டிலும் விடுபடும். அசாம், ஜார்க்கண்ட், மத்தியப்பிரதேசத்திலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் இப்படித்தான். விடுபட்டவர்களுக்கென்று சில நாள் கழித்து மறுபடி ஒரு நாள் கொடுப்பார்கள். எந்த ஊர் ரேஷன் கார்டு என்று பார்க்காமல் போய்க் கேட்கலாம்.

பெரியவர்களில் பெரும்பாலோருக்கு இந்த நாளில் மாத்திரை கிடையாது. காலில் செருப்பில்லாமல் காட்டில் வேலை செய்யும் தாய் மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகள் முதல் மூன்று மாதம் இதைச் சாப்பிடக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரையைச் சாயாவோடு விழுங்கக் கூடாது. தேயிலைச் சாறு இரும்பை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தேயிலை பறிக்கும் வீட்டிலேயே இது பலருக்குத் தெரிவதில்லை.

வாழை மூடு

அந்த உடும்பஞ்சோலை லயத்துக்கு அன்று சாயங்காலம் ஆஷா ஊழியர் வந்தார். பையனின் காலைப் பார்த்தார். விரல் இடுக்கில் சிவப்பாக இரண்டு புள்ளிகள்.

"எங்கடா விளையாடுவ?"

"வாழை மூட்டுல. அங்கதான் கோலிக்குழி இருக்கு."

ஆஷா ஊழியர் தாயைப் பார்த்தார். தொட்டிலில் ஒன்றரை வயதுச் சின்னவன் தூங்கிக்கொண்டிருந்தான். "சின்னவன் வெளிக்கி போனா எங்க கொட்டுறீங்கக்கா?"

தாய் பதில் சொல்லவில்லை. சிறு குழந்தையின் மலம் ஒன்றும் செய்யாது என்று பலரும் நினைக்கிறார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். தினமும் வாழை மூட்டில்தான் கொட்டினாள். தவழ்ந்து நடந்து பழகிய குழந்தை. அதன் வயிற்றிலும் புழு இருக்கலாம். பெரியவன் விளையாடும் மண்ணில் முட்டை விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. செருப்பை மாட்டு, மாட்டு என்று கத்தியவளும் அவள்தான்.

"பெரிய மகனுக்கு மாத்திரை நான் எழுதிக்கிறேன். சின்னவனுக்கு அரை மாத்திரை. கோலிக்குழிய வெயில் படுற முன்வாசலுக்கு மாத்தச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு ஆஷா ஊழியர் அடுத்த வீட்டுக்குப் போனார்.

மறுநாள் விடியற்காலை. மறுபடி தூறல். தாய் சின்னவனின் சட்டியை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். கக்கூசு லயத்தின் கடைசியில், சரிவுக்குக் கீழே இருந்தது.

"எங்க புள்ள போற? வாழை இந்தப் பக்கம்ல இருக்கு" என்றாள் பாட்டி.

"கக்கூசுக்குத்தான் அத்தை. இனி வாழை மூட்டுல ஊத்தல."

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு ஜோடியை எடுத்து வந்தாள். போடிக்குப் போகும்போது மட்டும் அவள் போடும் செருப்பு.

"மழையில வெறுங்கால்ல போகாத. இந்தா, இதை மாட்டிக்கிட்டுப் போ."